கடதாசியும் ஓலைதான்: பழைய தாள், முட்டைத் தட்டு, ஜாம் போத்தலில் வீட்டு அலங்காரம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

அம்மம்மா பெட்டி இழைக்க உட்காரும் நாட்களில் நெடுநேரம் ஓலையைத் தடவிக்கொண்டே இருப்பார். வேலை தொடங்கப் பஞ்சிப்படுகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். அவர் ஓலையின் பதம் பார்க்கிறார் என்று விளங்க எனக்கு முப்பது வருடம் எடுத்தது. நன்றாகக் காய்ந்த பனஞ் சார்வோலை மடிக்கும்போது வெடிக்கும். ஈரம் கூடினால் இழைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் காய்ந்த பிறகு சுருங்கி, பெட்டி முழுக்கக் கண் கண்ணாக இடைவெளி விழுந்துவிடும். நடுப்பதம் வந்த பிறகுதான் சத்தகம் என்ற சிறு கத்தியைக் கையில் எடுத்து ஓலையைக் கீற்றாக வாரத் தொடங்குவார்.

பத்திரிகைத் தாளில் கூடை பின்னப் போய் மூன்று தடவை தோற்றபோதுதான் இது ஞாபகம் வந்தது. முதல் கூடையில் தாள் காய்ந்திருந்தது, வளைத்த இடமெல்லாம் நெளிந்து உடைந்தது. இரண்டாவதற்குத் தாளை நனைத்தேன், நடுவிலேயே கூழாகிவிட்டது. மூன்றாவது பார்க்க நன்றாக வந்தது, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்தது. நாலாவதை அம்மம்மா ஓலையை நடத்திய மாதிரி நடத்திப் பார்த்தேன். இன்றும் அது எங்கள் முன்னறை மேசையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்: கடதாசியை ஓலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நார் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, பதம் இருக்கிறது.

எதைச் சேர்ப்பது, எதில் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது

கடைக்குப் போய்ப் பளபளக்கும் தாளும் மினுங்கும் தூளும் வாங்கிக்கொண்டு வந்து 'கழிவில் கைவினை' செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு பொழுதுபோக்கு. இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியவை வெள்ளைப் பசை, கொஞ்சம் வாணிஷ், நூல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது: பழைய பத்திரிகை, எழுதி முடித்த கொப்பி, முட்டைத் தட்டு, பிஸ்கற் பெட்டி, காலம் முடிந்த கலண்டர், கலியாண அழைப்பிதழ், ஜாம் போத்தல், மீன் ரின், பால்மாப் பேணி.

கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் இலங்கையின் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அந்த வருடம் கொப்பி விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பழைய கொப்பியில் எழுதாத தாள்களை முதலில் கழற்றி, ஊசி நூலால் தைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கொப்பியாக்குவோம். இரண்டு பக்கமும் எழுதித் தீர்ந்தவை மட்டும் கைவினைக்கு வரும்.

வெட்டக்கூடாதவை என்று எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பட்டியலே உண்டு. முதலாவது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரான கல்வெட்டு. வழுவழுப்பான நல்ல தாள், அலுமாரிக்குள் கட்டுக் கட்டாகக் கிடக்கும், கை துருதுருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளி பல வேளைகளில் அதில் மட்டும்தான் அச்சில் இருக்கும். பழைய சஞ்சிகை, ஊர்ச் சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலர் எல்லாமும் அப்படித்தான். 1981இல் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த யாழ்ப்பாணம் இது. ஒரே பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்பது இங்கே வெறும் கற்பனைப் பயம் கிடையாது. 'நூலகம்' என்ற நிறுவனம் 2005 முதல் இப்படியானவற்றை மின்வடிவில் சேர்த்து வருகிறது. அவர்களின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லாத ஒன்று உங்கள் கையில் இருந்தால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

சாமிப் படம் போட்ட தாளையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நல்லூரான் முகத்தைச் சுருட்டிக் கூடையின் அடியில் ஒட்டினால் வீட்டில் யாராவது ஒருவர் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். எங்கள் வீட்டில் அது அம்மா.

அப்புறம், பூச்சிமருந்துப் போத்தல். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு பயிர் செய்யும் வீடுகளில் வடிவான போத்தல்கள் மிஞ்சும். எத்தனை தரம் கழுவினாலும் அவை வேண்டாம். வர்ணம் பூசிப் பூச்சாடியாக்கினாலும் நாளைக்கு ஒரு பிள்ளை அதில் தண்ணீர் எடுக்கும்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஓலையை நீளவாட்டில் கிழித்தால் நூல் பிடித்த மாதிரிக் கிழியும். குறுக்கே இழுத்தால் அடம்பிடிக்கும். ஆலையில் செய்த கடதாசியும் அப்படித்தான். கூழ் வலைமீது ஓடும்போது நார்கள் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஒரு பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகவும், பிறகு இடமிருந்து வலமாகவும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் பல் பல்லாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் நாரோட்டம். பெரிய அளவுப் பத்திரிகைகளில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழ்.

தடித்த மட்டையைக் கிழித்துப் பார்க்க முடியாது. அதில் ஒரு சிறு சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரக் கையால் தடவுங்கள். சற்று நேரத்தில் அது தானே சுருளும். சுருண்டு குழல்போல நிற்கும்போது அந்தக் குழலின் நீளவாட்டுத் திசைதான் நாரோட்டம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கடதாசி நனையும்போது நாரோட்டத்துக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும், காயும்போது அதே பக்கம் சுருங்கும். பசை பூசியதும் மட்டை வளைந்துபோவதற்குக் காரணம் இதுதான். இரண்டு மட்டைகளை ஒட்டுவதானால் இரண்டின் நாரோட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும்.

பசை

ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். நாலு கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை நூல்போல ஊற்றிக் கிண்டுங்கள். மூன்று, நாலு நிமிடத்தில் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும். அப்போது இறக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆற விடுங்கள். மேலே ஆடை படரும், அதை எடுத்து எறிந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், வெளியில் வைத்தால் அடுத்த நாளே புளித்து மணக்கும்.

பூச்சி வராமலிருக்கப் பழைய காலத்தில் பசையில் துருசு என்னும் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் வேலைக்கு வேண்டவே வேண்டாம். கொதிக்க வைக்கும் தண்ணீரில் ஒரு பிடி வேப்பிலையை முதலில் அவித்து வடித்துக்கொண்டால் ஓரளவு உதவும். 'ஓரளவு' என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எங்கள் கரப்பொத்தான்கள் வேப்பிலைக்கு அவ்வளவு பயப்படுவதில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: நட்சத்திரம், மாலை போன்ற ஒரு பருவப் பொருட்களுக்கு மாப்பசை, வருடக்கணக்கில் வைக்கும் கூடைக்கு வெள்ளைப் பசை.

குழல் உருட்டுதல்

இது கைவந்தால் பாதி வேலை முடிந்தது. கூடை, தட்டம், படச்சட்டம், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் குழல்தான். ஓலை வேலைக்கு வார்தல் எப்படியோ, கடதாசி வேலைக்கு உருட்டுதல் அப்படி.

உருட்டுவதற்கு ஒரு மெல்லிய, நேரான கம்பி வேண்டும். பழைய சைக்கிள் சில்லின் கம்பியைவிட நல்லது எதுவும் எனக்கு அகப்படவில்லை. தலையில் உள்ள வளைவைக் குறட்டால் நறுக்கி, முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கம்பி கிடைக்காத வீடு எங்கே இருக்கிறது?

பெரிய அளவுப் பத்திரிகையை நடு மடிப்பிலே வெட்டி இரண்டாக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழாக நாலு பட்டையாக வெட்டுங்கள், ஒரு பட்டை ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் வரும். நாரோட்டம் பட்டையின் நீளத்தோடு போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டையை உங்களுக்கு முன்னால் மேசையில் கிடையாக வையுங்கள். கீழ் வலது மூலையில் கம்பியைச் சாய்வாக வையுங்கள். சாய்வு சுமார் முப்பது பாகை, அதாவது வீட்டுக் கூரை மாதிரியான ஒரு சாய்வு. மூலையைக் கம்பிமேல் மடித்து, இரண்டு கை விரல்களாலும் இறுக்கி உருட்டுங்கள். முதல் மூன்று சுற்றுத்தான் கஷ்டம். அது இறுகினால் மீதி தானாக வரும். கடைசி மூலையில் ஒரு பொட்டுப் பசை, ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்துக் கம்பியை உருவுங்கள். கம்பி பட்டையைவிடக் கட்டை என்று யோசிக்க வேண்டாம், உருட்ட உருட்ட அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகலாம்.

சாய்வு கூடக்கூடக் குழல் கட்டையாகித் தடிக்கும். சாய்வே இல்லாமல் நேராக உருட்டினால் இரண்டு முனையும் ஒரே அளவாகிவிடும், பிறகு ஒன்றுக்குள் ஒன்றைச் செருக முடியாது. சரியான சாய்வில் ஒரு முனை ஒடுங்கியும் மறுமுனை சற்று அகன்றும் வரும். அந்த வித்தியாசம்தான் நீளம் கூட்ட உதவுகிறது: ஒடுங்கிய முனையில் பசை தொட்டு, அடுத்த குழலின் அகன்ற முனைக்குள் இரண்டு சென்ரிமீற்றர் செருகினால் போதும்.

முதல் பத்துக் குழலும் கோணலாகத்தான் வரும். எறிய வேண்டாம், அவற்றைப் பின்னால் கூடைக்குள் மறைத்துவிடலாம்.

கூடை

பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு சின்னக் கூடைக்கு நாற்பது குழல் உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாலை வேலை.

பிஸ்கற் பெட்டி மட்டையில் பதினைந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரண்டு வட்டம் வெட்டுங்கள். ஒன்பது குழலை நடுவில் வெட்டினால் பதினெட்டுத் துண்டு வரும், அதில் பதினேழை எடுங்கள். எண்ணிக்கை ஒற்றையாக இருந்தே ஆகவேண்டும். ஒரு குழலின் முன்னால், அடுத்ததன் பின்னால் என்று பின்னிக்கொண்டு போகும்போது, ஒற்றை எண்ணாக இருந்தால் இரண்டாவது சுற்று தானாகவே மாறி விழும். இரட்டை எண்ணில் ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் விழும், பின்னல் பூட்டாது. நான் இதை அறியாமல் பதினாறில் தொடங்கி அரைநாள் வீணாக்கியிருக்கிறேன்.

ஒரு வட்டத்தின் விளிம்பைச் சுற்றி, சூரியனின் கதிர்போலப் பதினேழு துண்டையும் சம இடைவெளியில் ஒட்டுங்கள். இடைவெளி மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒவ்வொன்றும் நாலு சென்ரிமீற்றர் உள்ளே போகட்டும். மேலே மற்ற வட்டத்தை ஒட்டி, ஒரு கல்லைப் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டால் பின்னும்போது கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

மறுநாள், அடியளவு ஒத்த ஒரு வாளியையோ பானையையோ வட்டத்தின்மேல் வைத்து, குழல்களை மேலே நிமிர்த்தி றப்பர் பான்ட் போடுங்கள். நிமிர்த்துவதற்கு முன் மடியும் இடத்தில் மட்டும் ஈரத் துணியால் ஒரு தடவை தொட்டுவிடுங்கள். பதம் என்று சொன்னது இதைத்தான். சுற்றிப் பின்னும் குழல்களுக்கும் அப்படியே: பின்னுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஐந்தாறு குழலை ஈரத் துவாயில் சுற்றி வையுங்கள். விரலால் அழுத்தினால் மெத்தென்று தட்டையாக வேண்டும், தோல் உரியக்கூடாது. உரிந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு குழலின் முனையை உள்ளே மறைத்து ஒட்டி, முன்னால் பின்னால் என்று சுற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விரலால் கீழே அழுத்திவிடுங்கள். இழுத்து இறுக்க வேண்டாம், இறுக்கினால் மேலே போகப்போகக் கூடை ஒடுங்கிவிடும். உள்ளே பானை இருப்பதே அதற்காகத்தான். முடியும் குழலோடு அடுத்ததைச் செருகும் இணைப்பு, நிற்கும் குழலுக்குப் பின்னால் விழுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டால் வெளியில் தெரியாது. இருபத்து நாலு சுற்றில் உயரம் வந்துவிடும்.

இனி விளிம்பு. கடகம் என்ற பெரிய ஓலைப் பெட்டியின் விளிம்பை நார் வைத்துப் பொத்துவார்களே, அந்த வேலை. நிற்கும் குழல் ஒவ்வொன்றையும் நனைத்துத் தட்டையாக்கி, பக்கத்துக் குழலின் பின்னால் கொண்டுபோய், உட்பக்கமாக வளைத்து, சைக்கிள் கம்பியால் பின்னலை நெகிழ்த்தி இரண்டு சுற்று ஆழத்துக்குச் செருகுங்கள். ஒவ்வொரு செருகலிலும் ஒரு துளி பசை. பதினேழும் முடிந்ததும் விளிம்பு சங்கிலிபோல வரும்.

நிறத்துக்குக் கடைப் பெயின்ற் பூசலாம். எனக்குப் பிடித்தது தேயிலைச் சாயம். வடித்த தேயிலையைச் சேர்த்து வைத்து, கொஞ்சத் தண்ணீரில் மறுபடி கொதிக்க வைத்தால் கறுத்த சாயம் வரும். தூரிகையால் இரண்டு தரம் பூசினால் பத்திரிகைத் தாள் பழைய ஓலைப் பெட்டியின் நிறத்துக்கு வரும். எழுத்துகள் அங்கங்கே மங்கலாகத் தெரியும். அதை மறைக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் நான் மறைப்பதில்லை.

சாயம் காய்ந்த பிறகு வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து இரண்டு பூச்சு, நடுவில் இரண்டு மணிநேர இடைவெளி. காய்ந்த வெள்ளைப் பசைக்கும் ஈரம் பட்டால் இளகும் குணம் உண்டு. ஆகவே கடைசியில் ஒரு மெல்லிய வாணிஷ் பூச்சைத் தவிர்க்காதீர்கள், உட்பக்கமும் அடியும் சேர்த்து. என் மூன்றாவது கூடைக்கு நான் அடியில் பூசவில்லை. பூஞ்சணம் அங்கேதான் தொடங்கியது.

நத்தார் நட்சத்திரம்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: இவ்வளவு பெரிய உருவம் நிற்பது மெல்லிய சட்டத்திலும் சரியான முடிச்சிலும்தான். நட்சத்திரக் கூடும் அதே வித்தைதான், பறக்கத் தேவையில்லை என்பதால் இன்னும் இலகு.

நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் குழல் பத்து வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகிவிடுங்கள். வெறும் குழல் மழைக்கால ஈரத்தில் தொய்யும், வெறும் ஈர்க்கு நூல் கட்டும்போது வழுக்கும், இரண்டும் சேர்ந்தால் இரண்டு குறையும் இல்லை.

ஐந்து குழலைத் தரையில் பரப்பி, கையெடுக்காமல் வரையும் ஐந்துமூலை நட்சத்திரம்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து நுனியையும் நூலால் கட்டுங்கள். இதுபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து நுனிகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் குழல்கள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும், மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் இடையில் எட்டுச் சென்ரிமீற்றர் துண்டுக் குழல் ஒன்றை முட்டுக் கொடுத்துக் கட்டினால், தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும்பும். பிள்ளைகளோடு செய்வதானால் இந்த ஒரு நிமிடத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.

சட்டத்தைத் தாளால் மூட, முன்பக்கமும் பின்பக்கமும் ஐந்தைந்து முக்கோணம், பக்கவாட்டில் பத்து முக்கோணம், முன்பக்கம் ஓர் ஐங்கோணம். பின்பக்க ஐங்கோணத்தைத் திறந்து விடுங்கள், பல்ப் போவது அந்த வழியால். சட்டத்தைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் மேலதிகமாக விட்டு வெட்டி, அந்த ஓரத்தைக் குழலில் மடித்து மாப்பசையால் ஒட்டுங்கள்.

பட்டம் கட்டும் ரிசுத்தாள் மிஞ்சியிருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பழைய கொப்பித் தாள். கொப்பித் தாளில் வெளிச்சம் ஊடுருவாது என்பீர்கள். முற்றாகக் காய்ந்த பிறகு ஒரு பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். தாள் மங்கலான கண்ணாடிபோல ஆகிவிடும். நார்களுக்கு இடையில் இருக்கும் காற்றுத்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துத் தாளை வெள்ளையாகக் காட்டுகிறது, எண்ணெய் அந்த இடத்தை நிரப்பியதும் வெளிச்சம் நேரே போகிறது. உள்ளே விளக்கு எரியும்போது மகளின் இரண்டாம் வகுப்புக் கூட்டல் கணக்குகள் முற்றத்தில் தொங்குவது ஒரு தனி வடிவு. ஒட்டுவதற்கு முன்பே எண்ணெய் பூசிவிட்டால் பசை பிடிக்காது, வரிசையை மாற்றாதீர்கள்.

எண்ணெய்த் தாள் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே எல்.ஈ.டி. பல்ப் மட்டும். மெழுகுதிரியோ, சூடேறும் பழைய குண்டு பல்போ கூடாது. கார்த்திகை விளக்கீட்டுக்கு இதையே வாசலில் தொங்கவிடுவதானால் சிட்டி விளக்குகளிலிருந்து நல்ல தூரத்தில் தொங்கட்டும்.

கூழும் சிரட்டையும்

முட்டைத் தட்டு ஏற்கெனவே கடதாசிக் கூழில் செய்ததுதான், திரும்பக் கூழாக மாற அது காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டைப் பிய்த்துக் கொதிநீரில் ஓர் இரவு ஊற விடுங்கள். கொதிநீர் அவசியம், முட்டைக் கழிவு ஒட்டியிருக்கும். அதே இரவு மூன்று மேசைக்கரண்டி வெந்தயத்தையும் தனியாக ஊற வையுங்கள். காலையில் தட்டைப் பிழிந்து, பழைய உரலில் இடித்து நார் நாராக்குங்கள். சமைக்கும் கிரைண்டரில் போட வேண்டாம். வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துப் பிசையுங்கள். அதன் வழுவழுப்பு பசையாகவும் கசப்பு பூச்சிக்குக் காவலாகவும் நிற்கும். இது எங்கள் பாட்டிமார் கண்ட வழி. பதம்: கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரல் இடுக்கால் தண்ணீர் வழியக்கூடாது. குடிக்கிற ஒடியல் கூழ்போல ஓடும் பதத்தில் இருந்தால் திரும்பவும் பிழியுங்கள்.

ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சொப்பிங் பையால் மூடி, அதன்மேல் கூழை அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் அப்புங்கள். சின்னதாக வேண்டுமானால் சிரட்டையே அச்சு. தடிப்பு கூடினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மணம் வந்த பிறகுதான் தெரியும். முதல் நாள் நிழலில், அடுத்த இரண்டு நாள் வெயிலில். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் வெடிக்கும். விளிம்பு தானாகக் கழன்றதும் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கூடைக்குப் பூசியதுபோலவே பூசலாம். சாவி, பாக்கு, சில்லறை வைக்க நல்லது, நனைந்த பொருளுக்கு ஆகாது.

மாலை, போத்தல், பேணி

2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்ரிக் பொருட்களில் பூமாலையும் ஒன்று. சாமிப்படத்துக்கும் சுவர்ப்படத்துக்கும் போட்ட அந்த மாலைகளுக்குப் பதில் கலியாண அழைப்பிதழில் ஒரு மாலை செய்யலாம். அழைப்பிதழை அரைச் சென்ரிமீற்றர் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். இங்கே நாரோட்டம் குழலுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். பட்டையின் நீளத்துக்குக் குறுக்காக நார் ஓட வேண்டும், அப்போதுதான் உடையாமல் சுருளும். ஒரு ஈர்க்கின் நுனியை பிளேட்டால் அரை அங்குலம் பிளந்து, பட்டையின் முனையை அந்தப் பிளவில் மாட்டிச் சுற்றுங்கள். கழற்றிக் கொஞ்சம் விரிய விட்டு, முனையை ஒட்டி, ஒரு பக்கத்தை நுள்ளினால் இதழ். ஐந்து இதழ் ஒரு பூ. பூக்களுக்கு நடுவே குழல் துண்டுகளை மணியாகக் கோர்த்தால் மாலை இரண்டு மடங்கு நீளும். வாசலுக்குத் தென்னோலைத் தோரணம் கட்டும் வீட்டார் கடதாசித் தோரணத்துக்கு மாற வேண்டியதில்லை, அதைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரியாது.

ஜாம் போத்தலை எங்கள் தலைமுறைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990களின் யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த காலத்தில், அதற்குள் ஒரு சின்னத் திரி எரிய அதன் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். இப்போது அலங்காரத்துக்கு: சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபலை உரியுங்கள். மிஞ்சும் பிசினைத் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்த்து எடுங்கள். ரிசுத்தாளைக் கையால் சிறு சிறு துண்டாகக் கிழித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் வெளிப்பக்கம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் கலந்துவிடும். இதற்குள்ளும் எல்.ஈ.டி. மட்டுமே.

பேணி, ரின் வேலையில் சொல்ல அதிகமில்லை. மூடி வெட்டிய விளிம்பைக் குறட்டால் உள்ளே மடித்துத் தட்டிவிட்டு, வெளியே குழல்களை நிற்க வைத்து ஒட்டினால் பேனாக்கூடு.

எந்த மாதத்தில்?

வைகாசியிலிருந்து புரட்டாசிவரை, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. கூழ்க் கிண்ணம் மூன்றே நாளில் காயும். தாள்கள் முற்றம் முழுக்கப் பறக்கும் என்பது ஒன்றுதான் கரைச்சல், யன்னலைச் சாத்திவிட்டு உருட்டுங்கள். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு பசை காயாது, வாணிஷ் பிசுபிசுக்கும். ஆகவே மார்கழிக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால் ஆவணியிலேயே குழல்களை உருட்டி, பால்மாப் பேணியில் காய்ந்த வேப்பிலையோடு நிற்க வைத்து மூடி வையுங்கள். கட்டுவதும் மூடுவதும் மழை விட்ட இரண்டு நாளில் முடிந்துவிடும்.

முடித்த பொருட்களைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மாரியில் சுவர் ஈரம் இழுக்கும். நேர் வெயிலும் வேண்டாம், பத்திரிகைத் தாள் வெயிலில் மஞ்சளாகி மொறுமொறுத்துவிடும். தூசியை உலர்ந்த பெயின்ற் தூரிகையால் தட்டினால் போதும்.

பூஞ்சணம் பிடித்த அந்த மூன்றாவது கூடையை எறிய மனம் வரவில்லை. வெயிலில் போட்டுக் காயவைத்து, வைக்கோல் பரப்பிக் கொட்டிலில் வைத்தேன். இப்போது அதில் கோழி அடை கிடக்கிறது.